வழி கேட்காத அண்ணன்

என் அண்ணன் பேரை இங்கே எழுத மாட்டேன். மரியாதையும் இல்லை, ஒளிவுமறைவும் இல்லை. அந்தப் பேரைச் சொன்னால் எனக்கு வயிறு எரிகிறது, அவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் அங்கன்வாடிக்கு அதே பேரில் ஒரு பையன் வருகிறான். அவனைக் ‘குட்டி’ என்றுதான் கூப்பிடுகிறேன். அவன் அம்மா ஒருநாள், “இன்னா டீச்சர், எம்புள்ளைக்குப் பேரு கீது இல்ல?” என்று சண்டைக்கே வந்துவிட்டாள். வந்தால் வரட்டும்.

அண்ணனுக்குக் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. குடிக்க மாட்டான். அடுத்தவர் பொருளைத் தொட மாட்டான். அம்மாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் எல்லாருக்கும் துணி எடுத்துக்கொண்டு வருவான். இத்தனையும் இருந்து என்ன? அவன் யாரிடமும் வழி கேட்க மாட்டான். செத்தாலும் கேட்க மாட்டான் என்று பேச்சுக்குச் சொல்வார்களே, அப்படிப் பேச்சுக்கு நான் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால் ஒரு தடவை அவனோடு வாணியம்பாடிக்குப் போனேன். ஓசூர் கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த ஒரு பாய்க்குக் கல்யாணம். அண்ணன் கையில் கலர் பேப்பர் சுற்றிய சுவர்க் கடிகாரம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கிறோம், நடக்கிறோம், ஒரே பள்ளிவாசலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். தோல் மண்டி வாசலில் ஆட்கள், பூக்கடையில் ஆட்கள், ஆட்டோ ஸ்டாண்டில் ஆட்கள். யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். “வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருக்க? கேளேண்ணா!” என்றேன். “தெரியும், வா” என்றான். கடைசியில் பந்தல் போட்டிருந்த ஒரு மண்டபத்துக்குள் விறுவிறுவென்று நுழைந்துவிட்டான். வாசலில் நின்ற பெரியவர் அவனைக் கட்டித் தழுவி, “மாப்ள கூட்டாளியா? வாங்க தம்பி, மொதல்ல சாப்டுங்க” என்று பந்திக்கு அழைத்துப் போனார். என்னைப் பெண்கள் பக்கம் அனுப்பினார்கள்.

பிரியாணியில் குறை சொல்ல முடியாது. பக்கத்தில் இருந்த அம்மா, நீ யார் வீட்டுப் பெண் என்று விசாரித்தார். அண்ணன் சொல்லியிருந்த மாப்பிள்ளை பேரைச் சொன்னேன். அங்கிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், மனசு நல்ல மனசு, சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு துண்டு கறியை வைத்தார்கள். எனக்கு மானம் போயிற்று. கை கழுவிக்கொண்டு வெளியே ஓடிவந்து அண்ணனைத் தேடினால், அவன் மேடை மேல் நிற்கிறான். மாப்பிள்ளை வேறு யாரோ என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் அந்த முன்பின் தெரியாத மாப்பிள்ளை கையில் கடிகாரத்தைக் கொடுத்து, போட்டோவுக்கும் நின்றுவிட்டுத்தான் இறங்கினான். ‘ஏன் வரவில்லை’ என்று அவன் கூட்டாளி பிறகு போன் செய்தபோது, “வந்தேன்பா, கூட்டத்துல நீதான் கவனிக்கல” என்று கூசாமல் சொன்னான்.

ஏன் இப்படி என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எங்களுக்கு ஊர் மலை மேல். எட்டாவது முடித்ததும் அவனைக் கீழே திருப்பத்தூரில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அங்கே கடைத்தெருவில் யாரிடமாவது வழி கேட்க வாயைத் திறந்தால் போதும், “மலையா நீ? அதான் இப்டி முழிக்கிற” என்பார்களாம். லீவுக்கு மேலே வந்தான். அதற்குள் எங்கள் ஊருக்குப் புதுப் பாதை வெட்டி, பஸ் நிற்கும் இடத்தையும் மாற்றியிருந்தார்கள். இறங்கியவன் திகைத்துப்போய் டீக்கடையில், “அண்ணே, எங்க ஊருக்கு எப்டிப் போவணும்?” என்று கேட்டுவிட்டான். கடையே சிரித்தது. “பார்ரா, மலைல பொறந்தவன் மலைக்கு வழி கேக்கறான்! தொரை ஆய்ட்டாரு!” அன்றிலிருந்து லீவு முடிகிற வரைக்கும் எங்கே பார்த்தாலும் இதே கிண்டல். “இன்னா தொரை, வூட்டுக்கு வழி தெரியுமா?” கீழே கேட்டால் மலைக்காரன் என்று தெரிந்துவிடுகிறது. மேலே கேட்டால் மலைக்காரன் இல்லை என்று ஆகிவிடுகிறது. வாயை மூடிக்கொண்டான். எனக்குப் புரிகிறது. புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது?

அப்படிப்பட்டவன் ஒரு காரை வாங்கினான். காருக்குள் ஒரு திரை இருந்தது. திரைக்குள்ளிருந்து ஒரு பெண் தமிழில் வழி சொன்னாள். அவள் சிரிக்க மாட்டாள். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்க மாட்டாள். தப்பான பாதையில் திரும்பினாலும் திட்ட மாட்டாள். இதைவிட அவனுக்கு வேறென்ன வேண்டும்? கூடப் பிறந்த என்னை நம்பியதைவிட அவளை அதிகம் நம்பினான். அம்மாவுக்கோ பெருமை தாங்கவில்லை. “அந்தப் பொண்ணு எந்த ஊரு சாமி? இவ்ளோ வழி தெரிஞ்சி வெச்சிக்கீதே!” என்று கேட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மலை ஏறிக் காவலூரைத் தாண்டினால் நெட்டு கிடையாது. எங்கள் ஊரிலோ போன் பேசுவதற்கே பாறை மேல் ஏற வேண்டும், காற்றடித்தால் அதுவும் அறுந்துவிடும். அண்ணன் அதற்கும் வழி வைத்திருந்தான். அடிவாரத்து ஆலங்காயத்திலேயே காரை ஓரம் கட்டி, மலை மொத்தத்தின் மேப்பையும் போனில் இறக்கிக்கொள்வான். போனைக் காரில் மாட்டிவிட்டால் அந்தத் திரையில் எல்லாம் தெரியும். “நெட்டே தேவையில்ல, எல்லாம் உள்ளயே கீது” என்பான். உள்ளே என்ன இருந்தது, வெங்காயம்! பச்சையாக ஒரு வெற்றிடம், அதில் நூல் நூலாகச் சில கோடுகள். எது தார் ரோடு, எது மாடு போகும் தடம், எது எப்போதோ ஃபாரஸ்ட் ஜீப் ஓடிய தடம் என்று அதற்கு வித்தியாசமே கிடையாது. எல்லாம் ஒரே கோடு.

நான் கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக்கு என்னைக் கொண்டுவிட வந்தான். வழியை நான் சொல்கிறேன் என்றாலும் கேட்கவில்லை. அவள் சொன்னபடியே போனான். போய், யாரோ ஒருவருடைய சாமைக் காட்டு நடுவில் கார் நின்றது. “நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்” என்றாள் அவள். இவன் இறங்கி, ஊரை யாரோ எடுத்து ஒளித்து வைத்துவிட்ட மாதிரி நாலு பக்கமும் பார்க்கிறான். களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து, “இன்னா சாமி வேணும்?” என்று கேட்டது. தானாக வந்து கேட்கிறார்கள், இப்போதாவது சொல்லேன்! “ஒண்ணுல்ல, சும்மா காத்து வாங்க வந்தோம்” என்றான். நான் தலையில் அடித்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி, அந்த அம்மாவிடம் வழி கேட்டேன். அதற்காக ரெண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதெல்லாம் சிரித்துச் சொல்கிற கதைகள். நானும் சிரித்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தத் தை மாதம் வரைக்கும்.

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தையின் தலை மேலே இருக்கிறது, பொங்கல் முடிந்ததும் திருப்பத்தூர் பெரியாஸ்பத்திரியில் வந்து படுத்துவிடு, மலையிலேயே இருந்துகொண்டு விளையாடாதே என்று நர்சம்மா சொல்லியிருந்தார். கிளம்புவதற்குத் துணிகூட மடித்து வைத்தாகிவிட்டது. கிளம்புவதற்குள், பொங்கலுக்கு மறுநாள் காலையிலேயே வலி எடுத்துக்கொண்டது. பொங்கலுக்கு அண்ணனும் வந்திருந்தான். என் வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ண பைக்கில் பாறைக்கு ஓடினார். அங்கே போய்ப் பேசினால், லொகேஷன் அனுப்புங்கள் என்றார்களாம். நெட்டு இல்லாத இடத்திலிருந்து எதை அனுப்புவது? அவர் கத்திக் கத்தி ஊர்ப் பேரையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்.

இங்கே எதிர்வீட்டு மாமா தன் பிக்கப் வண்டியிலிருந்து சாமை மூட்டைகளைக் கீழே தள்ள ஆரம்பித்துவிட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த மலையில் வண்டி ஓட்டுகிற மனுஷன். அண்ணன் விடவில்லை. “மாமா, இதுல படுக்க வெச்சா தூக்கித் தூக்கிப் போடும். ஏசி கார் கீது, நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க மச்சான் வந்ததும் பின்னாடியே வாங்க” என்றான். என்னைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைத்தான். என் தலை அம்மா மடியில். அந்த நேரத்தில், அண்ணன் இருக்கிறான் என்று எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

ஊரைத் தாண்டியதும் பாதை ரெண்டாகப் பிரியும். இடதுபக்கம் தார் ரோடு, காவலூர் வழியாகச் சுற்றி இறங்கும். வலதுபக்கம் செம்மண் தடம். திரைக்குள்ளிருந்து அவள், “வலதுபுறம் திரும்பவும்” என்றாள். இவன் திருப்பினான்.

“ராசா, ரோடு அந்தாண்ட கீது” என்றாள் அம்மா.

“இது ஷார்ட்கட்டும்மா. காவலூர் போவாமயே நேரா கீழ எறங்கிடலாம். பாரு, போட்டுக்கீது.”

“அண்ணா, அது ஃபாரஸ்ட் தடம்ணா! போவாதண்ணா!” என்று கத்தினேன்.

“புதுசா ரோடு போட்டுருப்பாங்க பாப்பா. நீ டென்ஷன் ஆவாத.”

“படிச்ச புள்ள, தெரியாமயா சொல்லுவான்? நீ பல்லக் கடிச்சிக்க கண்ணு” என்று அம்மா என் நெற்றியைத் தடவினாள். பிறந்ததிலிருந்து அந்த மலையில் நடந்தவள் அவள். அந்தத் தடம் எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், பிள்ளை கார் ஓட்டுகிறான் என்கிற பெருமையில் வாயை மூடிக்கொண்டாள். அம்மா மேலும் எனக்குக் கோபம் உண்டு. அது தனி.

கொஞ்ச தூரத்தில் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் எதிரே வந்தார். காரைப் பார்த்ததும் கட்டைக் கீழே போட்டார். ஓரமாக நின்று, கையை உயர்த்தி இப்படியும் அப்படியும் ஆட்டினார். ரோடு இல்லை, போகாதே என்று ஆட்டுகிறார். பச்சைப் பிள்ளைக்குக்கூடப் புரியும். என் அண்ணன் என்ன செய்தான் தெரியுமா? அவனும் கையை உயர்த்தி ஆட்டினான். வணக்கம் சொன்னவருக்குப் பதில் வணக்கம் சொல்கிற மாதிரி! ஆட்டிவிட்டு, வேகத்தைக்கூடக் குறைக்காமல் போனான். அம்மா திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் பின்னாலேயே ஓடிவந்தாராம். கண்ணாடியை இறக்கி ஒரு நிமிஷம் நின்றால் என்ன குறைந்து போயிருக்கும்? சொல்லுங்கள், என்ன குறைந்து போயிருக்கும்?

தடம் ஒரு ஓடைக்கரையில் முடிந்தது. பாலமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் கரையே கிடையாது, பாறை சரிந்து கிடக்கிறது. திரையில் மட்டும் கோடு ஓடைக்கு மேலே அழகாகப் போய்க்கொண்டிருந்தது. “நேராகச் செல்லவும்” என்றாள் அந்தப் புண்ணியவதி. காரைத் திருப்ப இடமில்லை. பின்னால் எடுத்தான். பின் சக்கரம் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

நான் வலியில் அம்மா கையைக் கடிக்கிறேன். இவன் போனைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். அதில் வேறு வழி தேட ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட்டு இருந்தால்தானே நிற்கும்? போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்கும் தாவினான். “டேய், யாரையாச்சும் கூப்புடுடா! கத்துடா!” என்று அலறினேன். பிறந்ததிலிருந்து அன்றுதான் அவனை டேய் என்று கூப்பிட்டேன். “தோ, ஒரு நிமிசம் பாப்பா, சிக்னல் ஒரு கோடு வருது, வருது” என்றான்.

விறகுக்காரர் வந்துவிட்டார். வழியில் குரல் கொடுத்து, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ரெண்டு மூன்று பேரையும் கூட்டி வந்திருந்தார். மூச்சு வாங்குகிறது, வாயில் எச்சில் இல்லை, அப்படியும் அண்ணனைப் பார்த்து, “அவ்ளோ கை காட்டினேன், நீயும் கை காட்டிட்டுப் போறியே! இன்னா மனுசன்யா நீ?” என்று கேட்டார். அவர்கள் அதற்கு மேல் பேசிக்கொண்டு நிற்கவில்லை. ஒருவர் கம்பு வெட்டினார், ஒருவர் போர்த்தியிருந்த கம்பளியை உருவினார். டோலி கட்டி என்னை ஏற்றித் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஒரு முனையை அண்ணன்தான் பிடித்தான். அவன் தோள் உரிந்து ரத்தம் வந்ததை நான் பார்த்தேன். இல்லை என்று சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரும் மாமாவும் இதற்குள் பிக்கப்பில் காவலூர் வரைக்கும் போயிருக்கிறார்கள். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி, வெள்ளைக் கார் போனதா என்று கேட்டிருக்கிறார்கள். யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து, பாதை பிரியும் இடத்தில் எங்களைப் பிடித்தார்கள். மூட்டை ஏற்றுகிற அந்த வண்டியில்தான் கடைசியில் நான் திருப்பத்தூருக்கு இறங்கினேன்.

பெண் குழந்தை. அழவில்லை. ஒரு தடவைகூட அழவில்லை. “ஏம்மா இவ்ளோ லேட்டா வந்தீங்க? கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தி இருக்கலாமே” என்றார் டாக்டரம்மா. அவர் திட்டக்கூட இல்லை, அலுத்துப்போய்ச் சொன்னார். அப்போது என் அண்ணன் கதவோரமாக வந்து நின்று போனை நீட்டினான். ஆஸ்பத்திரியில் சிக்னல் நன்றாக இருந்தது. “மேடம், மேப்புல ரோடு இருந்திச்சி மேடம். நீங்களே பாருங்க.” நீலக் கோட்டை விரலால் பெரிதாக்கிக் காட்டுகிறான். அவர் போய்விட்டார். நர்சிடம் காட்டினான். என் வீட்டுக்காரரிடம் காட்டினான். கடைசியில், கட்டிலில் கிடந்த என்னிடம் கொண்டுவந்தான். “பாரு பாப்பா, ரோடு போட்டுத்தான் கீது.”

அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்திருக்க வேண்டும். கையைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. என் பிள்ளை துணியில் சுற்றிப் பக்கத்து அறையில் கிடக்கிறது, இவனுக்கு வழி தப்பவில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். த்தூ! அது என்ன கௌரவம்? யாருக்கு வேண்டும் அது?

குழந்தையை என் வீட்டுக்காரரும் மாமாவும் மலைக்குக் கொண்டுபோய், அம்மா வீட்டுக் காட்டுக்கு மேலே சரிவில் புதைத்தார்கள். அண்ணன் என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. சின்ன உயிர் என்பதால் அடையாளம் எதுவும் வைக்கவில்லை, நரி தோண்டாமல் இருக்க முள் வெட்டிப் போட்டதோடு சரி. நான் வீடு திரும்பியதும் அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். ரெண்டு மழையில் முள் மக்கி, புல் மூடிவிட்டது.

அதற்குப் பிறகு அண்ணன் ஒரே ஒரு தடவை வந்தான். நான் அன்று அம்மா வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். இளைத்திருந்தான். கையில் ஒரு பால் பாக்கெட், வாழை இலையில் மடித்த பூ. எதற்கு வந்திருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“நல்லாக்கிறியா?” என்றான். ம் என்றேன். தண்ணீர் வாங்கிக் குடித்தான். “சாமை இந்த வருசம் பரவால்லையா?” என்றான். அதற்கும் ம் என்றேன். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான், சரிவைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். வாய் திறக்கிறது, மூடுகிறது. கேள்டா என்று மனசுக்குள் கத்துகிறேன். குழந்தை எங்கே என்று ஒரு வார்த்தை கேள். இங்கே டீக்கடைக்காரன் இல்லை, பஸ் ஸ்டாண்டு இல்லை, நான்தான் இருக்கிறேன், உன் தங்கச்சி. கேட்டுவிடு, நான் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன்.

“மழை வரும்போல கீது” என்று சொல்லிவிட்டு அவனே சரிவில் ஏறினான்.

பலாமரத்தடியில் குனிந்து பார்த்தான். வேலி ஓரமாக நடந்தான். திரும்பி வந்தான், மறுபடி போனான். கடைசியில் காட்டு மூலையில் ஒரு மேட்டைக் கண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். அதற்கு முந்தின வருஷம் காட்டைத் திருத்தியபோது கல் பொறுக்கிப் போட்ட குவியல் அது. மேலே மண் படிந்து புல் முளைத்திருந்தது. அதன் மேல் பூவை வைத்தான். பல்லால் கடித்துப் பாக்கெட்டைக் கிழித்துப் பாலை ஊற்றினான். பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் முதுகு குலுங்குவது வாசல் வரைக்கும் தெரிந்தது.

என் மகள் அவனுக்கு நேர் பின்னால், கொஞ்சம் தள்ளிக் கிடந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் திரும்பியிருப்பான். நான் கொடுக்கவில்லை. அவன் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காருக்குப் போகிற வரைக்கும் சாமையைப் புடைத்துக்கொண்டே இருந்தேன்.